மூலைப் பாத்தியில் தண்ணீர் நிற்கவில்லை

புதிதாகச் சிமெண்டுத் தளம் போட்டால் ஒரு வாரமாவது அதன்மேல் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் வெடித்துவிடும். அதற்காகக் கொத்தனார் எங்கள் பின்முற்றம் முழுவதும் களிமண்ணால் சின்னச் சின்ன வரப்புகள் கட்டி, ஒன்பது பாத்திகளாகப் பிரித்துவிட்டுப் போயிருந்தார். காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை அவற்றை நிரப்புவது என் வேலை.

எட்டுப் பாத்திகளில் தண்ணீர் நின்றது. துவைகல்லை ஒட்டிய மூலைப் பாத்தியில் மட்டும் நிற்கவில்லை.

நிரப்பிவிட்டு உள்ளே போய், மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தால் அது மட்டும் காலியாகக் கிடக்கும். வெயிலில் காய்ந்தது போல இருக்காது. யாரோ குடித்துவிட்டுப் போனது போல இருக்கும்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். காக்கைகூட இல்லை. எட்டுப் பாத்திகளிலும் வானம் வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பதாவதில் குழாயை வைத்துவிட்டுக் குனிந்து நின்றேன். அப்போதுதான் அது கேட்டது.

காலுக்குக் கீழே, பிறாண்டும் சத்தம். மூன்று முறை. பிறகு நின்றது.

குழாயை மூடினேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். இருபது எண்ணி முடிக்கும்போது மறுபடி மூன்று முறை.

நான் உள்ளே போய்ப் பின்கதவைத் தாழிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தாசில்தார்

இந்தப் பக்கத்தில் போன வாரம் எழுதிய அதே வாடகை வீடுதான். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, புதிதாக மனை பிரித்த இடத்தில் கடைசி வீடு. பின்சுவரைத் தாண்டினால் உடைமரக் காடு. கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை; சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் நானும் மூன்று வயது மதியும் மட்டும்.

சாவியைக் கொடுத்த அன்றே வீட்டுக்காரர் ராஜபாண்டி அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

"பின்னால ஒரு ஆமை கெடக்கும் தங்கச்சி. பயந்துராதீங்க. நாங்க பிடிச்சிட்டு வரல. காட்டுல இருந்து அதுவா வந்து ஒட்டிக்கிட்டு. தாசில்தாருன்னு கூப்பிடுவோம்."

"அது ஏன் அண்ணாச்சி?"

"பைய வரும். எல்லாத்தையும் சுத்திப் பாக்கும். ஒண்ணுஞ் செய்யாமப் போயிரும்."

தரையில் திரியும் கட்டாமை. கறுத்த ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போலக் கிளம்பியிருக்கும். மதி தினமும் செம்பருத்தி இதழ்களைப் பிய்த்து அதன் முன்னால் வைப்பாள். அது கழுத்தை நீட்டி, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகக் கடிக்கும்.

இந்த வகை ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று பிறகுதான் படித்தேன். படித்த பின்னும் சில மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் ஆமை இருப்பது ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்ததும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பமாட்டேன். ஆனால் கணவர் பைக்கில் சறுக்கி விழுந்து முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று, பின்கதவைத் திறந்து அதைப் பார்த்தேன். அதுவும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கதவைச் சாத்தினேன்.

மாசி முடியும்போது அதைக் காணவில்லை. நான் தேடவும் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் மதியின் கால் பக்கத்தில் தேள் ஒன்று ஓடியது. அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் செய்து, பின்முற்றத்துக்குத் தளம் போட்டுத் தரும்படி கேட்டேன்.

"தாசில்தாரு எங்கன இருக்காரு? மண்ணை மூடினா அவருக்குத் தோதுப்படாதே."

"அது போயிட்டு அண்ணாச்சி. ஒரு மாசமாக் காணல."

"போயிட்டா?"

"ஆமா அண்ணாச்சி."

நான் விலங்கியல் முதுகலை. குளிர் உறக்கத்துக்கும் கோடை உறக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள். கடும் வெயிலில் சில விலங்குகள் மண்ணுக்குள் புகுந்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் குறைத்துக்கொண்டு, ஈரம் வந்து தொடும்வரை கிடக்கும் என்று எழுதி, படமும் போட்டிருந்தேன். படத்தில் இருந்தது ஆமைதான்.

அந்த ஆமைக்கும் எங்கள் முற்றத்து ஆமைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்பதை இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

இல்லாத அழுகை

சத்தம் கேட்டதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மதி பிறந்த இரண்டாம் மாதம். குளிக்கும்போது குழந்தை அழும் சத்தம் கேட்கும். ஈரத்தலையோடு ஓடி வந்து பார்த்தால் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். மின்விசிறிக்குள் அழுகை கேட்டது. குழாய்த் தண்ணீருக்குள் கேட்டது. ஒருமுறை அவளை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் அவள் அழுவது கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மடியில் குழந்தை இருக்கும்போதே போய்ப் பார்த்தேன்.

மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். தூக்கமில்லாத தாய்மார்களுக்கு வருவதுதான் என்று அவர் நிதானமாகச் சொன்னார். சில மாதங்கள் மாத்திரை. சரியாகிவிட்டது.

ஆனால் வீட்டில் ஒரு பேச்சு தங்கிவிட்டது. நான் பால்காரர் மணி அடிக்கிறார் என்று சொன்னால்கூட, யாராவது ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்ப்பார். நிஜமாகவே மணி அடித்ததா என்று கேட்பது போல. நானும் அப்படியே பழகிவிட்டேன். எது கேட்டாலும், வேறு யாருக்காவது கேட்கிறதா என்று ஒரு கணம் காத்திருந்து பார்ப்பேன்.

மூலைப் பாத்தியின் அருகே, உச்சி வெயிலில், காத்திருந்து பார்க்க என்னைத் தவிர யாரும் இல்லை.

சொரண்டுது

நான்காம் நாளும் கேட்டது. ஐந்தாம் நாள் சத்தம் மெலிந்திருந்தது. மூன்று முறை என்பது இரண்டாகியிருந்தது. நடுவில் நான் எண்ணும் எண் அறுபதைத் தாண்டியது.

எலி என்று எனக்கு நானே சொன்னேன். தளம் காயும்போது இறுகும் சத்தம் என்றும் சொன்னேன். இரண்டையும் நம்பவில்லை.

அன்று மதியம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, மதி மூலைப் பாத்திக்குள் குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தைச் சிமெண்டில் பதித்திருந்தாள். முகத்தருகே வரிசையாகச் செம்பருத்தி இதழ்கள்.

"மதி, இங்கன என்ன செய்யுத?"

"தாசில்தாருக்கு."

"அதுதான் போயிட்டுன்னு சொன்னேன்லா."

அவள் தலையைத் தூக்கவில்லை. "இல்லம்மா. சொரண்டுது."

பயம்தான் முதலில் வந்தது. அதோடு, எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஒரு சந்தோஷமும் வந்தது. இன்னொருவருக்கும் கேட்கிறது. ஆனால் அடுத்த நிமிடமே சந்தேகம். நான் குனிந்து நின்று கேட்பதை இவள் பார்த்திருப்பாளோ? என் காதுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டதோ?

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"பெருச்சாளியா இருக்கும் சுபா. காட்டு ஓரம்லா."

"மதிக்கும் கேக்குதுங்க."

அந்தப் பக்கம் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ நல்லாத்தான இருக்க? ராத்திரி தூங்குதியா?"

தூங்குகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சமையலறையில் நின்றபடி இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்தேன். நான் கேட்பது உண்மையென்றால், நான் கேட்டு வாங்கிய தளத்துக்கு அடியில் ஓர் உயிர் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில்லை என்றால், அடுத்தவர் வீட்டுப் புதுத் தளத்தை உடைத்தவள் என்று, அடங்கிப்போன பேச்சு மறுபடி கிளம்பும். மதியை என்னிடம் தனியே விட்டுப்போக அவர் யோசிப்பார்.

அப்போதுதான் அந்த ஐந்து மதிப்பெண் வரி நினைவுக்கு வந்தது. ஈரம் வந்து தொடும்வரை.

தினமும் மூன்று வேளை, அந்த ஈரத்தை ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான். அதற்கு மழை இறங்கிவிட்டது என்று சொன்னவள் நான்தான். விழித்து மேலே வந்திருக்கிறது. மேலே வழி இல்லை.

கம்பியின் மறுமுனை

கொத்தனார் இசக்கிமுத்து அன்று பக்கத்துத் தெருவில் பூச்சு வேலையில் இருந்தார். கூப்பிட்டதும் வந்தார். மூலைப் பாத்தியைப் பார்த்து, "தண்ணி நிக்கலியா? வெடிப்பு விட்டிருக்குமோ," என்று குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணே, கீழ ஏதோ சொரண்டுது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கடப்பாரையின் ஒரு முனையைத் தளத்தில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார். கம்பி சுட்டிருக்க வேண்டும்; துண்டை மடித்து இடையில் கொடுத்துக்கொண்டார்.

நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மெல்ல எழுந்து இரண்டு அடி பின்னால் போனார்.

"இது எலி இல்ல தங்கச்சி. எலின்னா படபடன்னு சொரண்டும். இது யோசிச்சு யோசிச்சுல்லா சொரண்டுது."

"ஆமைண்ணே. ஒடைங்க."

"ஆமையா? சரளை கொட்டும்போது துவைகல்லுக்கடியில பெருச்சாளி வளை ஒண்ணு கெடந்துச்சு. செங்கத் துண்டைச் செருகித்தான் மூடினேன்." அவர் முகம் வாடியது. "உள்ள பாக்கலியே."

ஆனாலும் கடப்பாரையை எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"உச்சி நேரம். இந்நேரத்துல மண்ணுக்குள்ள இருந்து தட்டுறதைத் தொறக்காண்டாம். ஆமைதான்னு என்ன நிச்சயம்? வெயில் தாழட்டும், பொறவு வாரேன்."

"வெயில் தாழ்றதுக்குள்ள செத்துரும்ணே."

"நீங்க படிச்சவங்க. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

எனக்கும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினேன். நினைத்ததைவிடக் கனம். முதல் குத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் விழுந்தது.

கீழே சத்தம் நின்றுவிட்டது.

இரண்டாவது குத்து. மூன்றாவது. உள்ளங்கை எரிந்தது. நான்காவதற்கு ஓங்கியபோது இசக்கிமுத்து, "தள்ளுங்க, அதுமேலேயே எறக்கிராதீங்க," என்று பிடுங்கிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. வளையின் வாய் இருந்த இடத்தை விட்டு, ஒரு முழம் தள்ளி உடைத்தார். உளியால் விளிம்பைத் தட்டினார். பலகை போல ஒரு துண்டு பெயர்ந்தது.

இருவரும் பிடித்துப் புரட்டினோம்.

அதன் அடிப்பக்கம் முழுவதும் கீறல்கள். சிமெண்டு இறுகும் முன்பே கீறியவை ஆழமாக, இறுகிய பிறகு கீறியவை வெறும் சுண்ணாம்புக் கோடுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் முதல் சத்தம் கேட்பதற்கு முன்பே, ஈரக் கலவை தொட்டதுமே, தளம் போட்ட முதல் நாளிலிருந்தே அது கீறிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தத் துண்டை என்னால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

தாடைக்குக் கீழே

சேற்றுக் குழிக்குள் முதலில் ஓடு மட்டும் தெரிந்தது. மஞ்சள் கோடுகள் மீது மண் அப்பியிருந்தது. தலையும் கால்களும் உள்ளே இல்லை, வெளியே தொங்கின. ஆமையின் தலை வெளியே தொங்கினால் நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும்.

"முடிஞ்சு போச்சோ?" என்றார் இசக்கிமுத்து. வாளியை எடுத்தார். "மேல தண்ணிய ஊத்துவோம்."

"வேண்டாம்."

பள்ளியில் கூடப் படித்த ஷீலா கால்நடை மருத்துவர். போனை எடுத்ததுமே அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"குளுந்த தண்ணி ஊத்தாத. வெயில்ல வைக்காத. காலைப் பிடிச்சு இழுக்காத, ஓட்டோட சேத்துத் தூக்கு. கவுத்துராத. மூக்குல மண்ணு இருந்தா ஈரத்துணியால ஒத்தி எடு."

"உயிர் இருக்கான்னு எப்படிடி பாக்க?"

"அதுக்கே இன்னும் நேரம் வேணும். இருட்டான ரூம்ல அரை மணி நேரம் வை. பொறவு வெதுவெதுன்னு தண்ணி, அதோட தாடைக்குக் கீழதான் நிக்கணும். தலை தொங்கினா நீ பிடிச்சுக்க. மூழ்கிச்சுன்னா அதுதான் கடைசி. வாய்க்குள்ள எதையும் திணிக்காத. சுபா, அவசரப்படாத. ஒறக்கத்துல இருந்து வார உயிரை அவசரப்படுத்தினாத்தான் சாவும்."

உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஓட்டோடு தூக்கிவந்து அரை மணி நேரம் வைத்தேன். மதி கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய நீலத் தொட்டி பரணில் இருந்தது. தண்ணீரை விளாவி முழங்கையை விட்டுப் பார்த்தேன். அந்தச் சூடு என் முழங்கைக்கு மறந்திருக்கவில்லை.

ஒரு விரலால் அதன் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். கழுத்துத் தோல் பழைய துணி போல இருந்தது. இசக்கிமுத்து வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். மதி என் முதுகோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் ஆறியது, இரண்டு முறை மாற்றினேன். இல்லாத உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. இல்லாத அழுகைக்கு ஓடியது போல.

பிறகு தண்ணீரில் ஒரு வளையம். அதன் மூக்கின் அருகிலிருந்து, மிகச் சின்னதாக.

"அண்ணே, பாத்தீங்களா?" என்றேன். பழைய பழக்கம்.

"நான் எங்கன பாக்க, இருட்டால்ல கெடக்கு."

விரலின் மேல் தாடை லேசாக அழுத்தியது. தொண்டைத் தோல் ஒருமுறை இறங்கி ஏறியது. குடித்தது. மறுபடி குடித்தது. வால் பக்கம் வெள்ளையாகக் கூழ் போல ஏதோ கலங்கி வந்தது.

இசக்கிமுத்து ஓரடி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "ஏ யாத்தே, நம்ம சிமெண்டையே குடிச்சிருக்கே."

அது ஆமையின் சிறுநீர் உப்பு, நல்ல அறிகுறி என்று ஷீலா போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.

ஒரு கண் திறந்தது. மற்றது திறக்க மறுநாள் ஆனது. மூன்றாம் நாள் முருங்கைக் கீரையைக் கடித்தது. அதற்கு அடுத்த நாள் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரே வந்து கூட நிற்க, வனத்துறையில் ஒப்படைத்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. "போயிட்டுன்னு சொன்னீங்களே தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

மழைக்கு மறுநாள்

உடைத்த மூலையை மூட நான் சம்மதிக்கவில்லை. மற்ற எட்டுப் பாத்திகளின் வரப்புகளும் இடிக்கப்படாமல் காய்ந்து கிடந்தன.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோடை மழை. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வெறுமனே கிடந்த பாத்திகளெல்லாம் தானாக நிறைந்தன.

மறுநாள் ஞாயிறு. உச்சி நேரம். மதி தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் பின்வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட நடந்தேன்.

ஏழு பாத்திகளில் தண்ணீர் நின்றது. காட்டுச் சுவரை ஒட்டிய ஒன்றில் மட்டும் நிற்கவில்லை. மூலைக்கு நேர் எதிர்ப்பக்கம் அது. அங்கே எந்த வளையும் இருந்ததாக இசக்கிமுத்து சொன்னதில்லை.

அசையாமல் நின்றேன். மூன்று முறை. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மூன்று முறை.

என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு தோளில் அப்படியே இருந்தது. கேட்குதா என்று ஒரு வார்த்தை கேட்காமல், வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாத்தியின் வரப்பைக் காலால் இடித்தேன்.

அவர் வந்து பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றினார். தையல் போட்ட முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, காதைத் தளத்தில் வைத்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் எந்த மாற்றமும் வரவில்லை.

எழுந்தார். கன்னத்தில் ஒட்டிய ஈரச் சிமெண்டுப் பொடியைத் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார்.

பிறகு சுவரோரம் போய், இசக்கிமுத்து விட்டுப்போன கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கன ஒடைக்கணும்னு மட்டும் சொல்லு."

நான் காலால் தொட்டுக் காட்டினேன். கீழே சத்தம் நின்றது.